மூச்சு நின்ற இடங்கள்

எனக்கு முப்பத்தாறு வயதானபோது ஒரு கல்யாணத்தைத் தூங்கியே அழித்தேன். கல்யாணம் நடந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் பிறகு நன்றாகவே வாழ்ந்தார்கள். அழிந்தது அதன் படங்கள்.

எழுபதுகளின் பின்பாதி. தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே ஒரு மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம் சிவகிரியில். அதிகாலை முகூர்த்தம். மூன்று ரோல் எடுத்துவிட்டு, பந்தியில் சாப்பிட்டு, பகல் பஸ்ஸில் திரும்பினேன். சாயங்காலம் டார்க் ரூமுக்குள் போய் முதல் இரண்டு ரோல்களையும் டாங்கில் போட்டு டெவலப்பரை ஊற்றினேன். எட்டு நிமிஷம் காத்திருந்து, நடுநடுவே டாங்கை ஆட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்து, கதவைத் தள்ளி வெளியே வந்தால் தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எதிரே ஜவுளிக்கடையில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெகட்டிவ்களை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். டெவலப்பரில் மணிக்கணக்காக ஊறி, தார் பூசினதுபோல் முழுக்கக் கறுப்பு. தாலி கட்டினது, மாலை மாற்றினது, அம்மி மிதித்தது எல்லாம் அதற்குள் எங்கோ இருந்தன. காமிராவுக்குள்ளேயே இருந்த மூன்றாவது ரோல் தப்பித்தது. அதில் பந்தியும், கை கழுவுகிறவர்களும், ஒரு வாடகைக் காரும் இருந்தன.

மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடிச்சிருந்தியாப்பா?"

"இல்ல அண்ணாச்சி. தூங்கிட்டேன்."

"குடிச்சிருந்தேன்னு சொல்லு, மன்னிச்சிட்டுப் போயிருதேன். தூங்கிட்டேன்னு சொல்லுதியே. எம் மவ கல்யாணம் ஒனக்குத் தாலாட்டா?"

அடுத்த வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் கூறைச்சேலையும் பட்டு வேட்டியுமாக ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நிற்க வைத்து ஒன்று, உட்கார வைத்து ஒன்று எடுத்தேன். போகும்போது அந்தப் பெண் படியில் நின்று, "தாலி கட்டும்போது நான் அழுதேன், அண்ணே. மூக்கெல்லாம் செவந்து கெடந்துச்சு. படத்துல இல்லாததும் நல்லதுதான்" என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படி நினைத்தாளா என்று தெரியவில்லை. சிவகிரிப் பக்கத்திலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு கல்யாணமும் வரவில்லை.

அப்போது நான் எங்கே வேண்டுமானாலும் தூங்குவேன். முடி வெட்டும் நாற்காலியில், பஸ்ஸில் நின்றபடி, ரயில்வே கேட் திறக்கக் காத்திருக்கையில் ஸ்கூட்டர் மேலேயே. வேலை அதிகம், அலைச்சல் அதிகம், அதனால் களைப்பு என்றுதான் நானும் சொன்னேன், மற்றவர்களும் சொன்னார்கள். ராத்திரி படுத்தால் ஒரே நொடியில் தூங்கிவிடுவேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தலைக்குள் ஈரத்துணியை அடைத்ததுபோல் இருக்கும். நெற்றி வலி பத்து மணி வரைக்கும் போகாது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும்.

கல்யாணமான புதிதில் ஒல்லியாகத்தான் இருந்தேன். பத்து வருஷத்தில் பெருத்துவிட்டேன். கடையில் ஒரு லென்சைச் சரிபார்க்க என்னையே ஒரு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தபோது, தாடைக்கும் காலருக்கும் இடையே கழுத்து என்று ஒன்று இல்லை. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்குத் தையல்காரர் கழுத்தளவு எடுத்தபோது டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

எப்படிப் பெருத்தேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனியில் சாரல் தொடங்கினால் ஆவணி வரைக்கும் குற்றாலத்தில்தான் பிழைப்பு. பேரருவிக்கு எதிரே காமிராவோடு நிற்பேன். ஈரத்தலையும் துண்டுமாக வருகிற குடும்பங்களை அருவிக்கு முன் நிறுத்தி எடுப்பேன். ராத்திரியே பிரிண்ட் போட்டு, மறுநாள் காலையில் அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்படிப் போய்வந்ததில் ஒரு லாட்ஜின் மேனேஜர் எனக்குச் சிநேகிதரானார். என் வயதுதான், என் உடம்புதான். சீசனில் பாதி நாள் நான் பிரிண்ட் போட்டு முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் குற்றாலத்துக்கே திரும்பி அவருடைய அறையிலேயே படுத்துவிடுவேன்.

அவர் வேலை முடித்துக் கதவைச் சாத்தும்போது பத்தரை ஆகியிருக்கும். இங்கே அப்போது மதுவிலக்கு, அதனால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போய்வருகிற லாரிக்காரர் யாராவது அவருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். ஆளுக்கு இரண்டு மூன்று கிளாஸ். பிறகு பொரோட்டா. சின்ன பொரோட்டா என்பதால் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. சால்னாவை இலையில் குளம்போல ஊற்றச் சொல்வோம். கூடவே பொரிச்ச கோழி. கடைசியில் ஆளுக்கு ஒரு சிகரெட், அது முடிந்ததும் இன்னொன்று. வயிறு முட்ட அப்படியே மல்லாந்து விழுவோம். எங்கள் அறைக்கு மேலே யாருக்கும் ரூம் கொடுக்க முடியவில்லை என்று லாட்ஜில் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மாவு மில்லே ஓடுது" என்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நன்றாகத் தூங்குகிறவன்தான் குறட்டை விடுவான் என்று நினைத்தோம்.

என் மனைவி மட்டும் அப்படி நினைக்கவில்லை. வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். அங்கே தங்கும் நாட்களில் காலையில் காப்பியை வைத்துவிட்டு அவள் சொல்வாள்.

"ராத்திரி நீங்க மூச்சு விடுதத நிறுத்திருதிய."

"நிறுத்தினா காலைல எப்படி எந்திச்சு வாரேன்?"

"நான் தோள்ல தட்டுதேம்லா. அதுக்கப்புறம்தான் இழுத்து விடுதிய."

இந்தப் பேச்சு எங்களுக்குள் ஆறேழு வருஷம் நடந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் விழுந்தால் பென்சில் வைத்து ரீடச் செய்து மறைத்துவிடுவேன். ஏன் கறுத்தது என்று கேட்டதில்லை.

பகல் தூக்கம் தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனேன். ராத்திரித் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட நாலு நாளும் மனைவி தட்டி எழுப்ப முடியாமல் செம்புத் தண்ணீரை முகத்தில் தெளித்ததாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் மாத்திரை அட்டையைக் காணவில்லை. கேட்டதற்கு, "கக்கூஸ்ல போட்டாச்சு" என்றாள்.

எண்பதாம் வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு சீசன். மதுரைக்காரக் குடும்பம் ஒன்று செண்பகாதேவி அருவிக்குப் போக வேண்டும், அங்கே படம் எடுக்க வேண்டும் என்றது. பேரருவிக்கு மேலே மலைப்பாதையில் ஏறிப் போக வேண்டிய இடம். நான் கல்யாணத்துக்கு முன்னால் ஓடியே ஏறியிருக்கிறேன். அன்றைக்குக் காமிராப் பையோடு பாதி தூரம்கூடப் போகவில்லை, மார்பின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. இடது தோள் கனத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். குடும்பத்தோடு வந்திருந்த அம்மாள், "ஐயா, உங்க ஒதடு நீலமா இருக்கு" என்றார். மேலே வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது, படத்துக்கு அருமையான வெளிச்சம். அதைத்தான் அப்போது நினைத்தேன். பிறகு இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டுவந்தார்கள்.

தென்காசியில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். ரத்தக்கொதிப்பு ரொம்ப ஏறியிருக்கிறது, இதயம் வீங்கியிருக்கிறது, மாரடைப்பு வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னாள்:

"டாக்டர், இவியளுக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது."

"குறட்டையாம்மா? ஆம்பளைங்க எல்லாரும் விடுறதுதான். எங்க வீட்லயும் இதே புகார்தான்."

அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாத்திரை சாப்பிட்டும் கொதிப்பு இறங்கவில்லை. மாத்திரையை இரண்டாக்கினார்கள், பிறகு மூன்றாக்கினார்கள். சாயங்காலத்தில் காலைச் செருப்பிலிருந்து எடுத்தால் வாரின் தடம் பள்ளமாக இருந்தது. சிகரெட்டைக் குறைத்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சீசனில் குறைக்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுடைய தம்பி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அக்காவுக்கென்று ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தான். பாட்டுக் கேட்பதற்காகத்தான். அவள் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, பேசுவதை இதில் எப்படிப் பிடிப்பது என்பதுதான். அவன் சிவப்புப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தான்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். கை கழுவி உட்கார்ந்ததும் சோற்றுக்குப் பதிலாக டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இதக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க."

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு குறட்டை. என் குறட்டையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எதிர்பார்த்ததைவிட அசிங்கமாக இருந்தது, மரத்தை அறுப்பதுபோல. மெல்ல மெல்லப் பெரிதாகி, ஓர் உச்சத்தில் பட்டென்று நின்றது. மின்விசிறி மட்டும் ஓடியது. டேப்தான் நின்றுவிட்டது என்று குனிந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டார்க் ரூமில் கடிகாரம் இல்லாமலே நொடிகளை எண்ணிப் பழக்கப்பட்டவன் நான். எண்ண ஆரம்பித்தேன். முப்பதில் என் கை தானாகவே கால்முட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. நாற்பத்தொன்றில் டேப்புக்குள் ஒரு சத்தம் வந்தது. தண்ணீரில் மூழ்கினவனைத் தலைமுடியைப் பிடித்து வெளியே தூக்கினால் இழுப்பானே, அந்த இழுப்பு. பிறகு மறுபடி குறட்டை. மறுபடி நின்றது. கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை கேட்டேன். எத்தனை தடவை என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ தட்டலையா?"

"தட்டல. தட்டினா ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கைய மடிக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அந்த முக்கால் மணி நேரம் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது.

பாளையங்கோட்டையில் நெஞ்சுநோய் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். இளைஞர். டேப் ரெக்கார்டரை மேஜைமேல் பார்த்ததும் முகம் சுளித்தார். கொஞ்சம் ஓடினதும் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து முழுதும் கேட்டார். முடிந்ததும் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"இதை நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன்மா. காதால கேக்கறது இன்னிக்குத்தான்."

அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது. கழுத்து பருத்தவர்களுக்கு இன்னும் சுலபமாக அடைக்கும். மூச்சு நின்றால் ரத்தத்தில் பிராணவாயு இறங்கும். மூளை பயந்து ஆளை அரைகுறையாக எழுப்பும், ஆளுக்கு எழுந்தது தெரியாது. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூங்குவான், மறுபடி அடைக்கும்.

"ஒவ்வொரு தடவையும் இதயம் பதறி அடிச்சுக்குது. கொதிப்பு ஏறுது. நீங்க படுத்திருக்கறதா நினைக்கிறீங்க. அது ராத்திரி பூரா மலை ஏறிக்கிட்டிருக்கு. காலைல அதுகிட்டப் போய் மாத்திரையக் குடுத்து எறங்குன்னா எப்படி எறங்கும்?"

வைத்தியம் என்ன என்று கேட்டேன். வெளிநாட்டில் தொண்டைக்குக் கீழே ஒரு துளை போடுகிறார்கள், ராத்திரி அதைத் திறந்து வைத்தால் மூச்சு அடைப்பைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகும் என்றார். மூக்கில் மாட்டிக் காற்றை ஊதுகிற ஒரு மெஷினைப் பற்றியும் இப்போதுதான் எழுதுகிறார்கள், ஆனால் அது இந்தியாவுக்கு எப்போது வரும் என்று தெரியாது. துளை போடுவதென்றால் மெட்ராசுக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

"பேச்சு வருமா?" என்று மனைவி கேட்டாள்.

"பகல்ல மூடி வச்சுக்கலாம். பேசலாம்."

"அருவில குளிக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கூடவே கூடாது. தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

துளை வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். உடம்பை நினைத்தோ கத்திக்குப் பயந்தோ எடுத்த முடிவு அல்ல. குற்றாலத்தில் நின்றுகொண்டு அருவிக்குள் போக முடியாத ஆளாக என்னால் என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அப்படின்னா வேற வழி நீங்கதான்" என்றார் டாக்டர். எடையைக் குறைக்க வேண்டும். சிகரெட் கூடாது. சாராயம், தூக்க மாத்திரை எதுவும் கூடாது, அவை தொண்டையை இன்னும் தளர்த்தும். ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாயும்போதே முடிக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. இவ்வளவையும் செய்தாலும் முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது, குறையும் என்றார்.

மல்லாந்து படுக்காமல் இருப்பதுதான் பெரிய பாடு. தூங்கிய பிறகு நான் எப்படிப் படுக்கிறேன் என்பது என் கையில் இல்லை. மனைவி என் பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் ரப்பர் பந்தை வைத்தாள். மல்லாந்தால் குத்தும், திரும்பிப் படுப்பேன் என்று கணக்கு. முதல் ராத்திரியே என் கனத்தில் பந்து சப்பையாகிவிட்டது. அடுத்ததாக ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையைத் துணியில் சுற்றி வைத்தாள். அது நசுங்கவில்லை, முதுகில் வட்டமாகத் தழும்பு போட்டது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாள். சரிந்து சரிந்து விடிவதற்குள் கால்மாட்டில் கிடப்பேன்.

ராத்திரிச் சாப்பாடு ஆறரை மணிக்கு என்றானது. கேப்பை தோசை இரண்டு, அல்லது கோதுமைக் கஞ்சி. ஒன்பது மணிக்குப் பசி எடுக்கும்போது எல்லோர் மேலும் கோபம் வரும். சிகரெட்டை மூன்று தடவை விட்டேன், மூன்றாவது தடவைதான் விட்டது. காலையில் வீட்டிலிருந்து குற்றாலம் வரை நடப்பேன், முதலில் பாதி வழியில் பஸ் பிடித்தேன், இரண்டு மாதத்தில் முழுதும் நடந்தேன். அங்கே குளித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவேன். மாதம் ஒரு தடவை ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு ஏறுவேன். தொண்ணூற்று நாலு கிலோவில் தொடங்கியது. எடை அட்டையின் பின்பக்கத்து ஜோசியத்தில் எனக்குத் தூர தேசப் பயணம் வாய்க்கும் என்று போட்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் எழுபத்தொன்பதுக்கு வந்தேன்.

குறைந்தது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எழுபத்தொன்பதுக்கு வருவதற்கு ரொம்ப முந்தியே, ஒரு புரட்டாசி மாசத்தில், காலையில் கண் விழித்தேன். நெற்றியில் வலி இல்லை. ஜன்னல் வழியாக வெயில் பாதி அறை வரை வந்திருந்தது. பால்காரர் வாசலில் மணியடித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் படுத்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அந்த நாள் வரைக்கும் நான் எழும்போது அவள் படுத்திருந்து பார்த்ததில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. பயந்துபோய் அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. சீராக, இடைவெளி இல்லாமல் வந்தது. பால்காரர் போய்விட்டார். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அன்றைக்கு அவள் ஒன்பது மணி வரைக்கும் தூங்கினாள். எழுந்ததும், "என்ன இப்படி விட்டுட்டிய, பால் என்னாச்சு?" என்று சண்டை போட்டாள்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகக் கடைசிவரை செய்தேன் என்று எழுதினால் பொய். அடுத்த சீசனில் லாட்ஜ் மேனேஜர் என்னைப் பார்த்து, "என்ன வே, நோயாளி மாரி ஆயிட்டீரு" என்றார். ஒரு நாள் என்று உட்கார்ந்தேன், அது நாலு நாளானது. ஐந்தாம் நாள் காலையில் பழைய தலைவலி வந்தது, கால் வீங்கியது. வீட்டுக்குப் போனபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சிரட்டை வைத்த பனியனை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

அந்த நாலு நாளில் ஒரு மத்தியானம். பிரிண்ட்களைக் கொடுத்துவிட்டு அவர் அறைக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை ஏறி, பட்டென்று நின்றது. எண்ணினேன், என்னைவிடக் கூடுதலாகப் போனது. தோளைப் பிடித்து உலுக்கினேன். விழித்துக்கொண்டு, "ஏன் வே எழுப்புதீரு? இப்பதான் நல்லா அசந்தேன்" என்றார். டேப்பைப் பற்றி, டாக்டரைப் பற்றி, இதயத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பாளையங்கோட்டைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"எங்க அப்பாவும் இப்படித்தான் கொறட்ட விடுவாரு. சிங்கம் மாரி இருந்தாரு."

"எத்தன வயசு வரைக்கும் இருந்தாரு?"

அவர் யோசித்தார். "அம்பது இருக்கும்" என்றார். பிறகு, "சீசன் முடியட்டும், போவோம்" என்றார். சீசன் முடிந்ததும் நான் ஒரு தடவை கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்ததும் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

அவர் மாசியில் தம் வீட்டில் இறந்தார். ஆள் வந்து சொன்னது காலை ஏழு மணிக்கு. காமிராவையும் கொண்டுவரச் சொன்னார்கள். அப்போது இறந்தவர்களை நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது வழக்கம். நான் நூறு எடுத்திருப்பேன். அவரை உட்கார்த்தித் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கழுத்து பெரிதாக இருந்ததால் முடிச்சு சரியாக நிற்கவில்லை, நான்தான் இழுத்துக் கட்டினேன். இரண்டு படம் எடுத்தேன்.

வெளியே வரும்போது அவருடைய மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என்னிடமே சொன்னார்.

"விடியக்காலம் வரைக்கும் அப்படி ஒரு சத்தம், அண்ணே. நாலு மணி வாக்குல நின்னுச்சு. சரி, இப்பமாவது நிம்மதியாத் தூங்குதாவன்னு நானும் கண்ண மூடிட்டேன்."

நான் தலையாட்டினேன். நின்ற சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஆள் அப்போது நான் ஒருவன்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வருஷத்தோடு குற்றாலத்து சீசன் வேலையை விட்டேன். கலர் படம் வந்துவிட்டது, சொந்தக் காமிராவோடு வருகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. பாளையங்கோட்டை டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்வந்தேன். மூன்று மாத்திரை ஒன்றரையாயிற்று. இதயத்தின் வீக்கம் கூடவில்லை, ஆனால் முழுக்கக் குறையவும் இல்லை. இசிஜி தாளை நீட்டி அவர் காட்டுவார், எனக்குப் புரியாது. "இப்படியே ஓட்டுங்க" என்பார். குறட்டையும் அடியோடு போகவில்லை. ஜலதோஷம் பிடித்த நாட்களில் மூச்சு நிற்கும், மனைவி தட்டுவாள். மற்ற நாட்களில் இரண்டு பேரும் தூங்கினோம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். நாற்பதுக்கு மேல் வயது, பருத்த உடம்பு, சட்டையின் கடைசிப் பொத்தான் மாட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்த்திவிட்டு விளக்கைச் சரிசெய்யத் திரும்பினேன். பின்னால் குறட்டை கேட்டது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் எழுப்பாமல் பார்த்திருந்தேன். சத்தம் பட்டென்று நின்றது. இருபதுக்கு மேல் எண்ணினேன். திணறி விழித்து, "ஆச்சா?" என்றார்.

படம் எடுத்துவிட்டு அவரிடம் பேசினேன். வீட்டில் யாராவது மூச்சு நிற்பதாகச் சொல்கிறார்களா, காலையில் தலை வலிக்கிறதா, கொதிப்பு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். டாக்டரின் பெயரை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் முகம் மாறியது.

"நான் போட்டோ எடுக்க வந்தேன் வே. ஒம்மகிட்ட வைத்தியம் பாக்கவா வந்தேன்?"

தாளை வாங்கவில்லை. படி இறங்கிப் போய்விட்டார். படத்தை வாங்கவும் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு வேறு எங்காவது எடுத்திருப்பார். நான் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு டெம்போ டிரைவரிடம் கவரைக் கொடுத்து அவர் கடையில் சேர்க்கச் சொன்னேன். உள்ளே படங்களோடு அந்தத் தாளையும் வைத்தேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.